சியாட்டில் குளிருக்கு ஒரு புது ஜிஆர்86: டயரில் தொடங்கி அப்கிரேடு வரை முழு வழிகாட்டி

பெல்வியூ, ரெட்மண்ட், போத்தல் பக்கம் இருக்கும் நம்மவர்களில் டொயோட்டாவின் சின்ன ஸ்போர்ட்ஸ் காரான ஜிஆர்86 வாங்குகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் எக்ஸாஸ்ட் பற்றியதாகவோ வீல் டிசைன் பற்றியதாகவோ இருக்கிறது. டயர் பற்றிய கேள்வி நவம்பர் மாதம் முதல் தடவை பின்பக்கம் வழுக்கிய பிறகுதான் வருகிறது. அந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். 228 குதிரைத்திறன், பின்சக்கர ஓட்டம், 1300 கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை. இப்படிப்பட்ட காரில் நீங்கள் செய்கிற எந்த மாற்றமும் சாலைக்குப் போய்ச் சேருவது நான்கு உள்ளங்கை அகல ரப்பர் வழியாகத்தான். அது சரியில்லை என்றால் மேலே செலவழித்த மற்றதெல்லாம் வீண். சுபாரு பிஆர்இசட் வைத்திருப்பவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும், இரண்டும் ஒரே உடம்புதான்.

முதலில் இந்த ஊர்க் குளிரைப் புரிந்துகொள்ளுங்கள்

சியாட்டிலில் ஜனவரி மாதப் பகல் சராசரியாக 8 டிகிரி செல்சியஸ், இரவில் 3 டிகிரி. சிகாகோ, மினியாபொலிஸ் மாதிரி மாதக்கணக்கில் பனி கிடப்பதில்லை. இங்கே உள்ள தொல்லை வேறு. அக்டோபர் கடைசியில் தொடங்கி மார்ச் வரைக்கும் சாலை ஈரமாகவே இருக்கும். ஆண்டு மழை அளவைப் பார்த்தால் சென்னையில்தான் அதிகம், ஆனால் அங்கே கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும், இங்கே வருஷத்தில் 150 நாள் வரை தூறிக்கொண்டே இருக்கும். ஆக, நீங்கள் ஓட்டப்போவது முக்கால்வாசி நேரம் 3 முதல் 8 டிகிரிக்குள் இருக்கும் ஈரத் தார்ச்சாலையில். மீதிக் கொஞ்சம், விடிகாலையில் பாலங்களிலும் மர நிழலிலும் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் மெல்லிய ஐஸில்.

பனியே வராதா என்றால், வரும். 2019 பிப்ரவரியில் சீடாக் விமான நிலையத்தில் ஒரே மாதத்தில் 20 அங்குலத்துக்கு மேல் விழுந்தது. 2022 டிசம்பர் 23ஆம் தேதி உறைமழை பெய்து விமான ஓடுபாதைகளையே கொஞ்ச நேரம் மூட வேண்டியதாயிற்று. அந்த மாதிரி நாளில் எந்த டயரும் காப்பாற்றாது, காரை எடுக்கவே கூடாது. அந்த ஓரிரு நாளை மனதில் வைத்து டயர் தேர்ந்தெடுப்பதும் தப்பு. தினமும் ஓட்டுகிற ஈரக் குளிருக்கு எது நல்லதோ அதுதான் உங்களுக்கு வேண்டியது.

உங்கள் காரில் இப்போது இருப்பது கோடை டயர்

இது பலருக்குத் தெரிவதில்லை. அடிப்படை மாடலில் 215/45ஆர்17 (215 மில்லிமீட்டர் அகலம், அதில் 45 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், 17 அங்குல வீல்) அளவில் மிஷ்லின் பிரைமசி எச்பி, பிரீமியத்தில் 215/40ஆர்18 அளவில் மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4. இரண்டுமே கோடை டயர்கள். பிரைமசி சாதுவான டயர் என்பதால் நாலு பருவத்துக்கும் ஓடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அப்படி இல்லை.

கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே போகும்போது இறுகத் தொடங்கும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் என்ன ஆகிறதோ கிட்டத்தட்ட அதுதான்: பொருள் அதேதான், நெகிழ்வு மட்டும் போய்விடும். சாலையின் சின்னச் சின்னப் பள்ளங்களுக்குள் அழுந்திப் பிடிக்க வேண்டிய ரப்பர் மேலோட்டமாக நழுவும். இன்னும் குளிர்ந்தால் வேறு ஆபத்தும் உண்டு. மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே போன கோடை டயரை அப்படியே உருட்டினால் பட்டனிலோ பக்கச் சுவரிலோ விரிசல் விழலாம். வெளியே நிறுத்திய கார் அவ்வளவு குளிரில் கிடந்திருந்தால், டயர் மெதுவாக 5 டிகிரிக்கு மேல் வந்து ஒரு நாள் முழுக்க அப்படி இருந்த பிறகுதான் காரை நகர்த்த வேண்டும். சியாட்டிலில் அந்தக் குளிர் அபூர்வம், ஆனால் மலைக்கு அந்தப் பக்கம் லெவன்வொர்த்தில் ஒரு ராத்திரி தங்கினால் சகஜம்.

எந்த வகை டயர்?

கடையில் நான்கு வகை சொல்வார்கள். பெயர்கள் குழப்பும், எனவே எது எதற்கு என்று மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, ஸ்போர்ட்ஸ் கார்களுக்கான ஆல் சீசன். கான்டினென்டல் எக்ஸ்ட்ரீம்கான்டாக்ட் டிடபிள்யூஎஸ் 06 பிளஸ், மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் ஆல் சீசன் 4 இந்த ரகம். ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும், ஸ்டியரிங் உணர்வு பெரிதாகக் கெடாது, லேசான பனியில் சமாளிக்கும். கான்டினென்டலில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. டயர் பட்டனிலேயே டி, டபிள்யூ, எஸ் என்ற மூன்று எழுத்துகளைப் பொறித்திருக்கிறார்கள். தேயத் தேய முதலில் எஸ் மறையும், அதோடு பனிக்கான பிடிமானம் முடிந்தது என்று அர்த்தம். பிறகு டபிள்யூ மறைந்தால் மழைக்கும் சரிவராது, டி மட்டும் மிஞ்சினால் காய்ந்த சாலைக்கு மட்டும்தான். ஆழம் அளக்கும் கேஜ் எதுவும் வேண்டாம், குனிந்து பார்த்தாலே போதும்.

இரண்டு, ஆல் வெதர். மிஷ்லின் கிராஸ்கிளைமேட் 2 மாதிரி. இதன் பக்கச் சுவரில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் பனிச்செதிலும் இருக்கும். அந்தச் சின்னம் கிடைக்க, இறுகிய பனியில் ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது 10 சதவீதம் அதிக இழுவையைச் சோதனையில் காட்ட வேண்டும். வெறும் எம் பிளஸ் எஸ் (சேறு, பனி) என்று எழுதியிருப்பதற்கு இப்படி ஒரு சோதனை கிடையாது, பட்டன்களுக்கு இடையே போதுமான இடைவெளி இருந்தால் தயாரிப்பாளரே எழுதிக்கொள்ளலாம். ஆனால் ஒன்று: மலைச் சின்னத்துக்கான சோதனை காரைக் கிளப்பும்போதுள்ள இழுவையை மட்டும்தான் பார்க்கிறது. ஐஸில் பிரேக் பிடிப்பதையோ வளைவில் நிற்பதையோ பார்ப்பதில்லை. சின்னத்தைப் பார்த்துவிட்டு ஐஸில் தைரியம் கொள்ளாதீர்கள்.

மூன்று, பெர்ஃபார்மன்ஸ் வின்டர். மிஷ்லின் பைலட் ஆல்பின் வரிசை இதில் வரும். குளிர்ந்த ஈரச் சாலையையும் நெடுஞ்சாலை வேகத்தையும் மனதில் வைத்துச் செய்தது. நான்கு, ஐஸுக்கென்றே உள்ள மென்மையான வின்டர் டயர், பிளிசாக், எக்ஸ் ஐஸ் போன்றவை. இந்த நான்காவது வகையை ஜிஆர்86க்கு, அதுவும் சியாட்டிலுக்கு, நான் சொல்லமாட்டேன். 8 டிகிரி ஈரச் சாலையில் அவை கொழகொழ என்று நெளியும், ஈரத்தில் பிரேக் தூரமும் கூடும், சீக்கிரம் தேயும். வாராவாரம் ஸ்கீயிங் போகிறவர் என்றால் மட்டும் யோசிக்கலாம், அவரிடமும் அதற்கு வேறு காரை எடுங்கள் என்றுதான் சொல்வேன்.

ஒரே செட் போதுமா, இரண்டு வேண்டுமா?

அபார்ட்மென்ட்டில் இருக்கிறீர்கள், டயர் வைக்க இடமில்லை, மலைக்குப் போக மாட்டீர்கள் என்றால் முதல் வகை ஆல் சீசனை வருஷம் முழுக்கப் போட்டுக்கொள்ளுங்கள். பல பேருக்கு இதுதான் சரியான முடிவு. கோடையில் கூர்மை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

கராஜ் இருக்கிறது, இந்தக் காரை வாங்கியதே ஓட்டி ரசிப்பதற்காக என்றால் இரண்டு செட் வையுங்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காரோடு வந்த கோடை டயர், மீதி மாதங்களுக்குத் தனி வீலில் பெர்ஃபார்மன்ஸ் வின்டர் அல்லது ஆல் சீசன். நான்கு டயர், நான்கு வீல், நான்கு காற்றழுத்த சென்சார் என்று கூட்டினால் 1500 டாலரைத் தாண்டும், கேட்டதும் பகீரென்றுதான் இருக்கும். ஆனால் ஒரு செட் ஓடும்போது இன்னொரு செட் தேய்வதில்லை, எனவே டயருக்கான காசு எங்கேயும் போகவில்லை, முன்கூட்டியே கொடுக்கிறீர்கள். உண்மையான கூடுதல் செலவு வீலும் சென்சாரும்தான். இருக்கும் வீலிலேயே ஆண்டுக்கு இரண்டு முறை டயரைக் கழற்றி மாட்டலாம் என்று சிலர் நினைப்பார்கள். ஒவ்வொரு தடவையும் கூலி, ஒவ்வொரு தடவையும் டயர் விளிம்புக்கும் வீலுக்கும் அடி. தனி வீல்தான் நல்லது.

பின்சக்கர ஓட்டம் என்பதால் பின்னால் மட்டும் இரண்டு வின்டர் டயர் போட்டால் போதாதா என்ற கேள்வியும் வரும். போதாது. கார் கிளம்பும், ஆனால் முன்பக்கம் திரும்பாது, நிற்கவும் செய்யாது. எந்த வகையாக இருந்தாலும் நான்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

அளவும் வீலும்

குளிர்கால செட்டுக்கு 17 அங்குலம்தான் என் தேர்வு, உங்களுடையது 18 அங்குல பிரீமியமாக இருந்தாலும். 215/45ஆர்17 டயரின் மொத்த விட்டம் சுமார் 625 மில்லிமீட்டர், 215/40ஆர்18க்கு 629. வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை, ஸ்பீடாமீட்டர் குழம்பாது. பக்கச் சுவர் ஒரு சென்டிமீட்டர் உயரமாக இருப்பதால் மழைத்தண்ணீர் மூடிய குழியில் இறங்கினாலும் வீல் வளைய வாய்ப்பு குறைவு. டயர் விலையும் குறையும். பிரெம்போ பிரேக்கோடு வரும் பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ் உங்களிடம் இருந்தால் மட்டும் நிற்கவும்: அதன் காலிப்பர் (டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) பெரியது, எல்லா 17 அங்குல வீலும் அதைத் தாண்டி உட்காராது. விற்பவரிடம் எழுத்தில் உறுதி வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள்.

வீல் வாங்கும்போது பார்க்க வேண்டியவை: ஐந்து போல்ட், 100 மில்லிமீட்டர் வட்டம். நடுத்துளை 56.1 மில்லிமீட்டர், அதைவிடப் பெரிதாக இருந்தால் இடைவெளியை நிரப்பும் வளையம் போட வேண்டும், இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் நடுங்கும். காரோடு வரும் வீலின் அகலம் 7.5 அங்குலம், ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் பொருந்தும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) 48 மில்லிமீட்டர். அதற்குப் பக்கத்திலேயே நில்லுங்கள். நட் எம்12, 1.25 மரை. டொயோட்டா என்று சொன்னதும் கடைக்காரர் 1.5 மரை நட்டை எடுத்து நீட்டக்கூடும், இந்தக் கார் சுபாரு அடிப்படையில் வந்தது, இதன் மரை வேறு. கையால் சுற்றும்போதே இறுகினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அகலத்தைக் கூட்டி 245 போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. குளிர்காலத்தில் வேண்டவே வேண்டாம். டயர் அகலமாக ஆக, தேங்கிய தண்ணீர் மேல் மிதக்கும் போக்கும் கூடும். ஐ-5 நெடுஞ்சாலையில் லாரிகள் உழுத தடங்களில் தண்ணீர் நிற்கும், அதில் எடை குறைந்த கார், அகலமான டயர் என்பது மோசமான கூட்டணி.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

பக்கச் சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையில் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 3224 என்றால் 2024ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். தள்ளுபடி என்று சொல்லி ஒரு பக்கம் 2021, இன்னொரு பக்கம் 2024 என்று கலந்து மாட்டிவிடுவார்கள், ஏற்காதீர்கள். பிறகு லோட் எண், அதாவது டயர் தாங்கும் எடைக்கான குறியீடு. காருக்கான டயரில் 17 அங்குலத்துக்கு 87, 18க்கு 85 என்று இருக்கும். புதியது அதே எண் அல்லது அதற்கு மேல். வேக எழுத்து வின்டர் டயரில் கொஞ்சம் கீழே இருக்கும், எச் என்றாலே 210 கிலோமீட்டர், வாஷிங்டன் மாநிலத்துக்குத் தாராளம்.

நட்டை இம்பாக்ட் கன்னால் கடகடவென்று இறுக்கிவிட்டு அனுப்புவதுதான் வழக்கம். கடைசிச் சுற்றை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் இறுக்கச் சொல்லிக் கேளுங்கள், 120 நியூட்டன் மீட்டர், அதாவது 89 பவுண்டு அடி, நட்சத்திர வரிசையில். 50 முதல் 100 மைல் ஓடிய பிறகு திரும்ப ஒருமுறை சரிபாருங்கள், புது அலாய் வீல் உட்கார்ந்து லேசாகத் தளரும். இதற்காகவே ஒரு டார்க் ரெஞ்ச் வாங்கி வைத்துக்கொள்வது நல்ல முதலீடு, ஜாக்கும் அதுவும் இருந்தால் செட் மாற்றுவதை வீட்டிலேயே செய்துவிடலாம்.

மாற்றும் நேரம்: காலை வெப்பநிலை தொடர்ந்து 7 டிகிரிக்குக் கீழே வரத் தொடங்கும்போது. இங்கே அது பெரும்பாலும் நவம்பர் தொடக்கம். முதல் பனி அறிவிப்பு வரும் வரை காத்திருந்தால் டயர் கடையில் வரிசை தெருவரை நிற்கும்.

புது டயரின் முதல் சில நூறு மைலை அமைதியாக ஓட்டுங்கள். அச்சிலிருந்து எடுக்கும்போது பூசிய வழுவழுப்பு மேலே இருக்கும், அது தேய்ந்து போனால்தான் முழுப் பிடிமானம் வரும். ஈரத்தில் இதை நன்றாகவே உணரலாம்.

காற்று: வெப்பநிலை 10 டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கினால் டயர் காற்றழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும். செப்டம்பரில் 70 டிகிரியில் நிரப்பியவர் டிசம்பரில் 35 டிகிரிக் காலையில் கிளம்பினால் 3 பிஎஸ்ஐக்கு மேல் போயிருக்கும். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுதான் கணக்கு, டயர் சுவரில் உள்ள அதிகபட்ச எண் அல்ல. காலையில் ஓட்டுவதற்கு முன் பாருங்கள், மாதம் ஒருமுறையாவது.

மலைக்குப் போவதாக இருந்தால்

ஸ்னோகுவால்மி கணவாய் பெல்வியூவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள், உயரம் 3000 அடிக்குக் கொஞ்சம் மேல், ஆனால் அது வேறு உலகம். கீழே 7 டிகிரி மழை என்றால் மேலே கனத்த பனி. டிராக்ஷன் டயர் கட்டாயம் என்று பலகை வைத்தால், எம் பிளஸ் எஸ், ஆல் சீசன் அல்லது மலைச் சின்னம் உள்ள டயர், குறைந்தது எட்டில் ஒரு அங்குல ஆழத்தோடு வேண்டும். கோடை டயரோடு போனால் சட்டப்படியே தப்பு. சங்கிலி கட்டாயம் என்று பலகை மாறினால் நான்கு சக்கர ஓட்டக் கார்களுக்கு மட்டும்தான் விலக்கு கிடைக்கும். உங்கள் காரில் எவ்வளவு நல்ல வின்டர் டயர் இருந்தாலும் சங்கிலி மாட்டியாக வேண்டும். சங்கிலியும் பின்சக்கரத்தில் எல்லா வீல் அளவுக்கும் பொருந்தாது, கையேட்டைப் பார்த்து வாங்கி, வீட்டு வாசலில் ஒருமுறை மாட்டிப் பழகுங்கள். பனியில் முட்டி போட்டுக்கொண்டு படிக்கிற விஷயம் இல்லை அது.

கழற்றிய செட்டை எப்படி வைப்பது

கழுவிக் காயவைத்து, கறுப்புப் பையில் கட்டி, வெயில் படாத மூலையில். வீலோடு இருந்தால் ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்க வைக்கலாம், வெறும் டயரென்றால் நிற்க வைக்க வேண்டும். ஃபர்னஸ், மோட்டார் பக்கத்தில் வேண்டாம், அவை உண்டாக்கும் ஓசோன் ரப்பரை அரிக்கும். எந்த வீல் எந்த மூலையில் இருந்தது என்று சாக்பீஸில் எழுதி வைத்தால் அடுத்த முறை முன்னும் பின்னும் மாற்றிப் போடலாம்.

இனி அப்கிரேடு

டயர் முடிந்ததா, சரி. மீதிப் பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது?

முதலில் பாதுகாப்பு. முன் பம்பருக்கும் பானட்டுக்கும் பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம், கார் புதிதாக இருக்கும்போதே. குளிர்காலத்தில் சாலையில் தூவும் மணலும் சரளையும் தாழ்வான மூக்கை முதல் வருஷத்திலேயே புள்ளி புள்ளியாக்கிவிடும். கூடவே மட்ஃபிளாப், ரப்பர் மேட். அப்புறம் இந்தக் காருக்கே உரிய ஒரு விஷயம்: கதவுக் கண்ணாடிக்குச் சட்டம் கிடையாது. கதவைத் திறக்கும்போது கண்ணாடி அரை அங்குலம் கீழே இறங்கி ரப்பரிலிருந்து விடுபடும். ராத்திரி ஈரம் உறைந்தால் கண்ணாடி இறங்காது, பலமாக இழுத்தால் ரப்பர் கிழியும். நவம்பரிலேயே அந்த ரப்பர் விளிம்பில் சிலிகான் கிரீஸை விரலால் மெல்லத் தடவி விடுங்கள். இதைவிடச் சின்னச் செலவில் இவ்வளவு பலன் தரும் வேலை இந்தக் காரில் வேறு இல்லை.

அடுத்து பிரேக். ரேஸ் டிராக்குக்கான பிரேக் பேட் போடாதீர்கள், அது சூடேறினால்தான் கடிக்கும், 4 டிகிரிக் காலையில் முதல் சிக்னலில் கால் வைத்தால் நெஞ்சு பதறும். பிரேக் ஆயில் மட்டும் நல்ல டிஓடி 4ஆக மாற்றலாம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது, கொதிநிலை இறங்கிவிடும், எனவே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. மழையில் ராத்திரி முழுக்க நின்ற டிஸ்க்கில் மெல்லிய துரு படியும், காலையில் முதல் சில பிரேக்கில் கரகரவென்ற சத்தம் அதுதான், பயப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது. காசுக்கேற்ற பலன் இதில்தான் அதிகம். கேம்பர் போல்ட் போட்டு முன்சக்கரத்தைக் கொஞ்சம் உள்ளே சாய்த்தால் வளைவில் முன்பக்கம் நன்றாகக் கடிக்கும், டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்வதும் குறையும்.

காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங், காயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன்), வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் தடித்த ஸ்வே பார் எல்லாம் ஒரு வருஷம் பொறுத்து. பின்பக்க ஸ்வே பாரைத் தடிமனாக்கினால் காய்ந்த சாலையில் கார் துள்ளலாகத் திரும்பும், அதே கார் ஈர வளைவில் சட்டென்று பின்பக்கத்தை விடும். தாழ்த்தினால் பனியில் பம்பர்தான் கலப்பை. முதலில் காரை அதன் இயல்பில் ஒரு குளிர்காலம் ஓட்டிப் பாருங்கள், எது குறை என்று அதுவே சொல்லும்.

இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் சத்தத்துக்காக என்றால் தாராளமாகப் போடுங்கள், சக்திக்காக என்றால் கிடைப்பது மிகக் குறைவு. வாஷிங்டனில் 2020 முதல் புகைப் பரிசோதனை இல்லை என்பதற்காக புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கூட்டரசுச் சட்டப்படி அது குற்றம். வாரண்டி பற்றிய பயமும் பாதிதான் உண்மை. 1975ஆம் ஆண்டு மேக்னசன்-மாஸ் சட்டப்படி, வெளிப்பொருள் போட்டிருக்கிறீர்கள் என்பதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது, பழுதுக்கு அந்தப் பொருள்தான் காரணம் என்று காட்ட வேண்டும். எஞ்சின் ட்யூன் செய்துவிட்டு எஞ்சின் போனால் அதைக் காட்டுவது அவர்களுக்குச் சுலபம், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பழைய பாகங்களைத் தூக்கிப் போடாமல் பெட்டியில் வையுங்கள்.

இத்தனைக்கும் மேலே நான் வைப்பது ஓட்டக் கற்பதை. புது ஜிஆர்86 வாங்கியவருக்கு நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷனில் ஒரு வருஷ உறுப்பினர் சலுகையும் ஒரு டிராக் பயிற்சி நாளும் இலவசமாகவே உண்டு, நிறையப் பேர் அதைக் கேட்டு வாங்குவதே இல்லை. ஈரத்திலும் சரளையிலும் பின்சக்கரக் காரைக் கட்டுப்படுத்தக் கற்க ஸ்னோகுவால்மியிலேயே டர்ட்ஃபிஷ் ராலி பள்ளி இருக்கிறது, அங்கே பிஆர்இசட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். பின்பக்கம் நழுவும்போது கை தானாக எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை ஏரி மேல் போகும் 520 நெடுஞ்சாலைப் பாலத்தில் வைத்துக் கற்றுக்கொள்ள முடியாது. டிராக் நாளைக் கோடையில் பதிவு செய்யுங்கள், கோடை டயரோடு போங்கள். வின்டர் டயரின் மென்மையான பட்டன் அந்தச் சூட்டில் துண்டு துண்டாகப் பிய்ந்துவிடும். போவதற்கு முன்னால் பிரேக் ஆயிலையும் நட் இறுக்கத்தையும் பாருங்கள், எப்படியும் நுழைவாயில் பரிசோதனையில் கேட்பார்கள்.